இரண்டாவது வாளி

நாளெல்லாம் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டுத் தரையைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன். அதன்மேல் படுத்துக்கொள்ளத் தோன்றும். செருப்பைக்கூடக் கழற்றாமல், கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, அப்படியே.

காலை ஆறு மணிக்கு என் ஷிப்ட் தொடங்கும். மூன்றாவது மாடி முழுவதும் என் பொறுப்பு. நான்கு வார்டு, ஒரு நீண்ட வராந்தா, எனக்குக் கீழே ஏழு பெண்கள். இரண்டு மணிக்கு முடித்து, இரண்டு பஸ் மாறி, எங்கள் குடியிருப்பின் மூன்று மாடியையும் படியேறி வரும்போது என் முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கும். லிப்ட் உண்டு. அது ஓடிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தத் தரைக்கும் இரண்டு வாளி. முதல் வாளியில் மருந்துத் தண்ணீர். ஒரு வாளிக்கு ஒரு மூடி மருந்து, அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது. அதைப் போட்டுப் பத்து நிமிஷம் விட்டுவிட்டு, இரண்டாவது வாளியில் இருக்கும் வெறும் தண்ணீரில் மாப்பை அலசிப் பிழிந்து, போட்ட மருந்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாளியோடு கடையைக் கட்டப் பார்ப்பார்கள். தரை பளபளவென்றுதான் இருக்கிறது, மணமும் வருகிறது, இன்னொரு தரம் எதற்கு இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். நான் விடமாட்டேன். மருந்து கிருமியை எடுக்கும், தண்ணீர் மருந்தை எடுக்கும் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரெண்டாவது வாளி'. நான் வருவது தெரிந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒருத்தியை ஒருத்தி எழுப்புவார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் என் அக்கா. என்னைவிட ஒன்பது வயது பெரியவள். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க விடாதவள். என் வீட்டுக்காரர் போனபிறகு நானே அவளோடு வந்து ஒட்டிக்கொண்டேன். துணிக்கடையில் முப்பது வருஷம் நின்றபடியே சேலை பிரித்துக் காட்டி ஓய்ந்த கால் அவளுடையது. அதில் சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி செத்துப்போய்விட்டது. ஒருமுறை குண்டூசி ஒன்று குதிகாலில் ஏறி, காலையிலிருந்து சாயங்காலம்வரை அதோடு நடந்திருக்கிறாள். தரையில் ரத்தப் பொட்டு விழுந்ததைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவளுடைய வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். எடுத்த இடம் ஆறவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுவாள். ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு ஏறி இறங்குகிறவள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டுதான் வருவாள், போவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவளும் என் ஜாதிதான், களைத்த ஜாதி.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை அனுப்பும்போது ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் பெரிய எழுத்தில் முதல் வரி: தினமும் இரண்டு உள்ளங்காலையும் வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். ப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். முதல் மாதம் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் வலது காலைத்தான் நர்ஸ் பார்க்கிறாளே என்று விட்டுவிட்டேன். இடது காலை யாரும் பார்க்கவில்லை. அது நல்ல கால் அல்லவா. வலது காலுக்குக் கட்டுக்கு மேல் போட ஒரு மெத்தைச் செருப்பு உண்டு. இடது காலுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு வழுக்குகிறது என்று அக்கா கழற்றி எறிந்துவிட்டாள். நாலு நாள் சண்டை போட்டேன். ஐந்தாம் நாள் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

இனி மேனேஜர். அது எங்கள் பூனை. சாம்பல் உடம்பு, நான்கு பாதமும் வெள்ளை. அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் மோந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜரை அப்படியே உரித்து வைத்ததைப்போல இருந்ததால் நான் வைத்த பெயர். அக்காவுக்கு அவர்தான் எல்லாம். நான் வேலைக்குப் போனபின் அந்த வீட்டில் அவளோடு பேச இருக்கும் ஒரே உயிர். அவள் சொல்வதை எதிர்த்துப் பேசாத ஒரே உயிரும்கூட.

தொல்லை ஒரு வியாழக்கிழமை வந்தது. நர்ஸ் கட்டைப் பிரிக்க விரித்து வைத்த வெள்ளைத் துணியின்மேல் மேனேஜர் ஏறி நடந்துவிட்டார். அவர் வெளிக்குப் போகும் மணல் தட்டிலிருந்து நேராக வருகை. துணியில் அழகாக இரண்டு பழுப்புப் பாதம் பதிந்தது. நர்ஸ் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: இந்த மாதக் கடைசியில் பெரிய டாக்டர் பார்ப்பார், புண் உள்ளே எலும்புக்கு இறங்கியிருந்தால் கணுக்காலோடு எடுத்துவிடுவார், மணலில் மலத்தை மூடிவிட்டு வருகிற பாதம் படுக்கையில் ஏறக்கூடாது. பூனையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் அதன் காலையாவது சுத்தமாக வைத்திருங்கள் என்றாள்.

இதை நான் அக்காவிடம் பக்குவமாகச் சொல்ல நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது.

"காலை எடுத்துக்கட்டும். அவன் இருக்கட்டும்" என்றாள் அக்கா.

எனக்குத் தலைக்கு ஏறியது. உன் காலை எடுத்தால் உன்னைத் தூக்கி வைத்து இறக்கி வைக்கப்போவது யார், உன் பூனையா என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மேனேஜர் அவள் மடியில் ஏறிச் சுருண்டார். அந்த இரண்டு பேரையும் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. மாதக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. சரி, சுத்தம்தானே வேண்டும். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். பூனையும் இருக்கட்டும், காலும் இருக்கட்டும், இந்த வீட்டை நான் வார்டாக்கிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

மறுநாளே ஆஸ்பத்திரி ஸ்டோரில் கேட்டு, ஓரம் நசுங்கிய ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வாங்கி வந்தேன். தண்ணீர் கலக்காத மருந்து. மூடியைத் திறந்தாலே மூக்கு எரியும். காலை நாலரைக்கு எழுந்து ஒருமுறை துடைத்தேன். மதியம் வந்ததும் ஒருமுறை. வார்டு வாசலில் மருந்தில் நனைத்த மிதியடி போட்டிருக்கும். அதைப் பார்த்து, மணல் தட்டுக்கு முன்னால் மருந்துத் தண்ணீரில் பிழிந்த துணி ஒன்றை விரித்தேன், மேனேஜர் எப்படி வந்தாலும் அதை மிதித்துத்தான் வர வேண்டும். அதோடு விடவில்லை. நான் வீட்டில் இருக்கிற நேரம் அவர் தட்டுக்குப் போய் வந்தால் பிடித்து, நான்கு பாதத்தையும் அதே தண்ணீரில் துடைத்தேன். விரலிடுக்கில் மணல் ஒட்டும் முடியைக் கத்தரித்தேன், நகத்தை வெட்டினேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எல்லோரும் பெரிதாகக் கேட்கிறார்கள். மணி கட்டுவது ஒரு வேலையா? அதன் பின்னங்காலைத் துடைத்துப் பார்க்கட்டும். என் முன்கை இரண்டிலும் கோடு கோடாகக் கீறல். வார்டில் ஒருத்தி பார்த்துவிட்டு, வீட்டில் யாரோடு மல்யுத்தம் என்று கேட்டாள்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் செய்யவில்லை. இரண்டாவது வாளி எடுக்கவில்லை.

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான். எங்கள் குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல்போல வரும். ஒரு வாளி நிறையக் கால்மணி நேரம். இரண்டு மணிவரை குனிந்து நிமிர்ந்த இடுப்பு. முதல் நாள் மதியம் ஒரு வாளி முடித்து நிமிர்ந்தபோது, இன்னொன்று என்று நினைத்ததுமே கண்ணில் நீர் வந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். நாளைக்கும் அதே இடுப்புதான். அப்புறம் எனக்கு நானே ஒரு சமாதானமும் கண்டுபிடித்தேன். துடைத்து எடுக்காமல் விட்டால் மருந்து தரையில் தங்கி நாள் முழுவதும் வேலை செய்யும், நல்லதுதானே என்று. துடைத்து எடுக்கும் சிரமம் இல்லாதபோது ஒரு மூடிக்கு இரண்டு மூடியாகவே போட்டால் என்ன என்று. எனக்குக் கீழே வேலை செய்யும் ஒருத்தி இதைச் சொல்லியிருந்தால் அவளை வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரட்டியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பத்து நாள் போயிருக்கும். மேனேஜர் தரையில் நடப்பதைக் குறைத்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து ஜன்னல் திட்டு என்று தாவித் தாவியே போனார். திமிர் பார் என்றேன். வழியில்லாமல் தரையில் வைத்தால் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறுவார். எப்போது பார்த்தாலும் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தார். பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் மெத்தென்று இருக்கும் உள்ளங்கால் சிவந்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. எனக்கு வேறு என்ன தோன்றும்? கிருமி என்று தோன்றியது. சுத்தம் போதவில்லை என்று தோன்றியது. மூன்றாவது மூடி போட்டேன்.

அக்கா மட்டும் ஒன்றிரண்டு தரம் சொன்னாள், அவனுக்கு என்னவோ பிடிக்கவில்லை என்று. அவனுக்கு என்னைக்குத்தான் என்ன பிடித்தது என்று நான் வாயை அடைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் மேனேஜர் ப்ரிட்ஜ் மேல் ஏறியவர் இறங்கவில்லை. ஒரு நாள் முழுதும் அங்கேயே. மறுநாளும் அங்கேயே. பாலைக் கொண்டுபோய்க் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயோரம் எச்சில் வழிந்து மார்பு முடி நனைந்திருந்தது. அன்று மதியம் நான் கதவைத் திறந்து வந்தபோது அக்கா ப்ரிட்ஜ் முன்னால் நின்றிருந்தாள். அவள் நிற்கவே கூடாது. ஒரு காலில் மெத்தைச் செருப்பு, ஒரு கால் வெறுங்கால், கையை உயர்த்தி அவரைக் கெஞ்சிக் கூப்பிட்டபடி. எத்தனை நேரமாக நிற்கிறாய் என்று கேட்டேன். பதினொரு மணியிலிருந்து என்றாள்.

நான் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அந்த மாட்டு டாக்டர்கிட்ட கொண்டு போடி. நான் உன்னை ஒண்ணும் கேட்டதில்லையே" என்றாள்.

பூனை, நாய் மட்டுமே பார்க்கிறவரானாலும் அக்காவுக்கு அவர் மாட்டு டாக்டர்தான். செருப்பைக் கழற்றாமல் திரும்பினேன். மேனேஜரைத் துணிக்கூடையில் போட்டு, மேலே துண்டு கட்டி, மறுபடியும் மூன்று மாடி இறங்கினேன். பிடிக்கும்போது அவர் கீறவே இல்லை. கீறியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பஸ்ஸில் கூடை என் மடியில் கனக்கவும் இல்லை, அசையவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. இந்த மூன்று வாரமாக நான் யாருக்காக இந்தப் பாடுபட்டேனோ அந்த இரண்டு பேரில் ஒருவர் என் மடியிலேயே போகிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் நடுவயதுக்காரர், சட்டைப்பையில் மூன்று பேனா, அதிகம் பேசாதவர். மேனேஜரை மேஜையில் வைத்து வாயைத் திறந்து பார்த்தார். நாக்கில் புண். பாதத்தைத் திருப்பினார். அதன்பின் அவர் செய்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. பாதத்தைத் தன் மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். நிமிர்ந்து, என் கையைக் காட்டச் சொல்லி அதன் பக்கம் குனிந்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். வீட்டிலும் அதே மருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன், கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். எத்தனை மூடி என்றார். சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதிவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அப்புறம் வெறும் தண்ணி விட்டுத் துடைப்பீங்களா?"

இருபத்திரண்டு வருஷமாக நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. அதற்கு அவர்கள் எப்படி நின்றார்களோ அப்படியே நின்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. இல்லை என்று சொல்ல எனக்கு நேரமாயிற்று.

அவர் திட்டவில்லை. பூனைக்குச் செருப்பு கிடையாது, சோப்பும் கிடையாது, காலில் ஒட்டுவதெல்லாம் நக்கி நக்கி வயிற்றுக்குத்தான் போகும் என்றார். இந்த மருந்து மனிதரைவிடப் பூனைக்கு அதிக விஷம் என்றார். கால் வெந்திருக்கிறது, வாய் வெந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு என்று ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும், சாயங்காலம்வரை இங்கேயே குளுக்கோஸ் ஏறட்டும் என்றார். பூனையின் காலுக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், ஏதாவது குத்தியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மணல் தட்டை அன்றன்று சுத்தம் செய்தால் கால் அழுக்காகவே ஆகாது என்றார். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றார். தட்டைச் சுத்தம் செய்ய நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் அந்தத் துணியை விரித்து வைத்தேன்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஆறுதலாக ஒன்று சொல்வோம் என்றுதான் அதைச் சொன்னார்.

"பொழச்சுக்குவான்னுதான் நினைக்கிறேன். எரிஞ்சதும் மேல ஏறிக்கிட்டான் பாருங்க, அதான் நல்லதாப் போச்சு. வலி தெரியலைன்னா அதுமேலயே நடந்துக்கிட்டு இருந்திருப்பான்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியபடியே நின்றுவிட்டேன்.

வலி தெரியாமல் அதன்மேலேயே நடந்துகொண்டிருக்கிறவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். இன்று பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை நின்றிருக்கிறாள், மருந்தைத் துடைத்து எடுக்காத தரையில், வெறுங்காலோடு.

சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னேனா, சொல்லவே இல்லையா, ஞாபகமில்லை. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுக்கவில்லை, பாதி தூரம் ஓடினேன். ஐம்பத்துமூன்று வயதில் மூன்று மாடியை நிற்காமல் ஏறினேன். அக்கா நான் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூடை இல்லாமல் வந்த என்னைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. இருக்கிறான், குளுக்கோஸ் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே அவள் காலடியில் உட்கார்ந்தேன். இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். கடைசியாக எப்போது இந்தக் காலைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளங்கால் முழுவதும் சிவந்து தோல் பொரிந்திருந்தது. விரல்களுக்குக் கீழே வெள்ளையாக உரிந்து தொங்கியது. குதிகாலில் என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கொப்புளம், தண்ணீர் கட்டி, பளபளவென்று. இன்னும் உடையவில்லை.

"வலிக்குதா அக்கா?"

"எது?" என்று கேட்டாள்.

அந்த ஒரு சொல்லை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேனை, மூடிக் கணக்கை, மிதிதுணியை, டாக்டர் மோந்து பார்த்ததை. ஒரு காலைக் காப்பாற்றப் போய் இன்னொரு காலையும் கெடுத்துவிட்டேன் என்றேன். பூனை தரையில் கால் வைக்காமல் தாவித் தாவிச் சொன்னதை நான் திமிர் என்றேன் என்றேன். அக்காவிடம் என் வேலைக்கதை எல்லாம் நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதுவரை. சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

"ரெண்டாவது வாளி எங்கடி போச்சு?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"முடியலைக்கா" என்றேன். "ரொம்ப அசதியா இருந்துச்சு."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்காரி அசதி என்று சொன்னால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அக்கா என் தலையில் கையை வைத்தாள். தடவவில்லை, சும்மா வைத்திருந்தாள். சொல்லியிருக்கலாமில்லையா, நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே குழாயடியில் வாளியையாவது பார்த்துக்கொண்டிருந்திருப்பேனே என்றாள். அதற்குத்தான் எனக்கு அழுகை அடங்காமல் வந்தது.

அழுதால் தரை சுத்தமாகாது. நர்ஸுக்குப் போன் செய்தேன். கொப்புளத்தைத் தொடாதே, தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, காலைத் தூக்கி வை, காலையில் முதல் வீடாக வருகிறேன் என்றாள். அப்படியே செய்து அக்காவைக் கட்டிலில் ஏற்றினேன். மிதிதுணியைச் சுருட்டி எறிந்தேன். கேனை இறுக்கி மூடி வாசலில் வைத்தேன். பிறகு வெறும் தண்ணீர். ஒரு வாளி நிறையும்வரை குழாயடியில் சுவரில் சாய்ந்து நின்றேன், துடைத்தேன், மறுபடி நின்றேன். மூன்று வாரத்து இரண்டாவது வாளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்று ஐந்து வாளி. ஐந்தாவதில்தான் தண்ணீர் நுரைக்காமல் வந்தது. அப்புறம் போய் மேனேஜரைக் கூட்டிவந்தேன். ரத்தத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நக்கினாலும் கெடுதல் செய்யாத களிம்பு ஒன்று கொடுத்தார். பிடித்துப் போடும்போது மேனேஜர் என் கையை நீளமாக ஒரு கீறு கீறினார். எனக்கு உயிர் வந்தது.

காலையில் நர்ஸ் வந்து இடது காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு நாள் நடந்திருந்தால் இது உடைந்து, இந்தக் காலும் அந்தக் கால் வழியிலேயே போயிருக்கும் என்றாள். தானும் இடது காலைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று முனகினாள். பூனை எங்கே என்று கேட்டாள். நான் மேலே கையைக் காட்டினேன். மேனேஜர் ப்ரிட்ஜ் மேலிருந்து எங்கள் இருவரையும் நம்பிக்கை இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டில் பக்கம் மட்டும் விடாதீர்கள், இருக்கட்டும் என்றாள் நர்ஸ்.

கொப்புளம் உடையாமல் அமுங்கிக் காய்ந்தது. மாதக் கடைசியில் பெரிய டாக்டர் வலது காலை அழுத்திப் பார்த்து, எலும்புக்குப் போகவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்று இன்னும் இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார். ஆறிவிட்டது என்று சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு மாதம் என்பது நல்ல செய்திதான்.

அசதி ஒன்றும் போய்விடவில்லை. இன்றும் இரண்டு மணிக்கு இடுப்பு போய்விடுகிறது, லிப்ட் நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. நான் வருவதற்குள் அக்கா ஒரு வாளியை நிரப்பி வைக்கச் செய்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நிறைந்ததும் கைத்தடியால் மூடுகிறாள். முதலில் தட்டு மணல். அப்புறம் தரை, கொஞ்சம் சோப்பு போட்டு ஒரு வாளி, வெறும் தண்ணீர் ஒரு வாளி. அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். முதலில் மேனேஜரின் நாலு, பிறகு அக்காவின் இரண்டு. வலிக்கிறதா என்று அக்காவிடம் நான் இப்போது கேட்பதில்லை.

டார்ச்சை அணைத்த பின்னும் அக்கா காலை நாற்காலியில்தான் வைத்திருப்பாள். எங்கள் கண் ப்ரிட்ஜ் மேல் இருக்கும். அவர் எழுந்து சோம்பல் முறிப்பார். மேஜைக்கு இறங்குவார், அங்கிருந்து நாற்காலிக்கு. ஒரு வெள்ளைப் பாதத்தைத் தரையில் வைப்பார், எடுப்பார், மோந்து பார்ப்பார், மறுபடி வைப்பார். இரண்டாவது கால், மூன்றாவது கால். பிறகு எதையும் உதறாமல் அறையைக் குறுக்காக நடந்து அக்காவிடம் போவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அக்காவின் காலைத் தரையில் வைக்க நான் விடுகிறேன். இத்தனை வருஷத்தில் மேனேஜருக்கு வீட்டில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.